சுவரில் இருந்த சொற்கள்

மூன்றாவது புதிய பாடத்திட்டம் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய அட்டைப்பெட்டியில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் ஆய்வாளர் ஜெரே. தலைக்கவசத்தைக் கழற்றியபோது அவர் புருவம் வரை செம்மண் அப்பியிருந்தது.

நான் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த பெம்பா இனத்துக்காரி. அவர் ங்கோனி. சாம்பியாவில் இந்த இரண்டு இனங்களுக்கும் கேலி முறை உண்டு. பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுத்தாக வேண்டும், சாவு வீடாக இருந்தாலும். அவர்கள் எலி தின்பவர்கள் என்று நாங்கள் சொல்வோம், நாங்கள் குரங்கு தின்பவர்கள் என்று அவர்கள் சொல்வார்கள்.

"வாங்க முறைக்காரரே! மூஞ்சியெல்லாம் மண்ணு. வழியில எலி வளை எதையும் விடலை போலிருக்கே?"

அவர் என்னை 'குரங்கு தின்னி' என்று திருப்பித் திட்டியிருக்க வேண்டும். எட்டு வருடமாக அப்படித்தான் திட்டுவார்.

"புத்தகம் சரியா இருக்கான்னு பாத்து கையெழுத்துப் போடுங்க டீச்சர்" என்றார்.

கேலிக்குக் கேலி வரவில்லை என்றால் வந்திருப்பவர் முறைக்காரர் இல்லை, அதிகாரி.

நான் வேலைக்கு வந்த புதிதில் முதல் வகுப்புக்கு எல்லாமே ஆங்கிலம். பிறகு வட்டார மொழி என்றார்கள். வட்டார மொழி என்பது நியாஞ்சா. என் பிள்ளைகள் வீட்டில் பேசுவதோ என்செங்கா. இரண்டும் பக்கத்துப் பக்கத்து மொழிகள்தான், ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தப் பக்கமே வெகு தூரம். அதனால் சோளமாவுப் பைகளைப் பிரித்து, அவர்கள் வீட்டுச் சொற்களைக் கரியால் எழுதி, சோளக்கூழைப் பசையாகத் தடவிச் சுவரெல்லாம் ஒட்டினேன். பக்கத்தில் படங்களைப் பிள்ளைகளே வரைந்தார்கள். இரண்டு வருட வேலை. நாற்பத்தாறு பேரில் முப்பத்தெட்டுப் பேர் வாசித்தார்கள்.

இப்போது புத்தகம் மறுபடியும் ஆங்கிலத்தில். கூடவே, அரசு முத்திரை குத்திய தாள் தவிர வேறெதுவும் சுவரில் இருக்கக்கூடாது என்று உத்தரவு. தலைமையாசிரியர் இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் பிய்க்கவில்லை.

வகுப்பில் ஜெரே கடைசி பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். புதிய புத்தகத்தின் முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். ஒருவன் கூரையைப் பார்த்தான். இன்னொருத்தி புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். முவாசியோனா எழுந்து நின்றாள். எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாத பெண். பக்கத்தை ஒரு நிமிடம் முறைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி, பானை, கோழி, ஓடை, அத்தை என்று ஒட்டியிருந்த அத்தனையையும் தன் மொழியில் மூச்சுவிடாமல் வாசித்து முடித்தாள். எனக்கு உதவி செய்ததாக நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜெரே படிவத்தில் ஏதோ எழுதினார்.

பிள்ளைகள் போனபின் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

"பதினாலாவது கேள்வி" என்றார். "அனுமதியில்லாத பொருள் சுவரில் உண்டா? உண்டுன்னு எழுதினா உங்களுக்கு வேற ஊர். அடுத்து வர்றவர் முதல் நாளே இதையெல்லாம் கிழிச்சுருவார்."

"இல்லன்னு எழுதுங்க."

"பின்னாடியே இன்னொருத்தர் வந்து பாப்பாரு. என்னைச் சரிபார்க்கவும் ஆள் வச்சிருக்காங்க."

"அந்தப் பொண்ணு வாசிச்சதக் கேட்டீங்கல்ல சார்?"

"கேட்டேன்." கண்ணைத் தேய்த்தார். "போன பாடத்திட்டக் குழுவுல நானும் இருந்தேன். ரெண்டு வருஷம். ஒரு சொல்லுக்கு மூணு நாள் சண்டை போட்டோம். அந்தப் புத்தகமெல்லாம் இப்ப கிடங்குல கரையான் திங்குது. இந்தப் புத்தகத்துக்கு எத்தனை வருஷமோ. முப்பத்தொரு பள்ளிக்கூடம் பாத்துட்டேன் டீச்சர். எங்கயும் யாரும் வாசிக்கல."

பிறகு எழுந்து வகுப்புக்குள் போனார். பின்னாலேயே ஓடினேன். 'பானை'யின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"திருடுறேன். முறைக்காரி வீட்டுல கண்ணுல பட்டத எடுத்துட்டுப் போவேன். நீ கோவிச்சுக்கக் கூடாது. முறைன்னா முறைதான், குரங்கு தின்னி!"

காலையிலிருந்து காத்திருந்த வசவு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முறைக்காரர் எடுத்தால் எடுத்ததுதான். யாரிடமும் புகார் செய்ய முடியாது, அவரிடம்கூட.

ஒன்றுகூடக் கிழியவில்லை. அவ்வளவு பொறுமையாக உரித்துச் சுருட்டி, வண்டியில் பெட்டி இருந்த இடத்தில் வைத்துக் கட்டினார். பதினாலாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதி என்னிடம் காட்டினார். இப்போது அது பொய்யில்லை. சுவரில் கூழ்த் தடம் மட்டும் சதுரம் சதுரமாக இருந்தது.

"பத்திரமா வச்சிருப்பீங்களா?"

"எலிக்குப் போடாம வச்சிருக்கேன்." வண்டியை உதைத்தார். "படிவத்துல சுவரப் பத்தி ஏழு கேள்வி இருக்கு. கரும்பலகையப் பத்தி ஒண்ணுகூட இல்ல. அதை எழுதினவனுக்கு மறந்துபோச்சு. உனக்குச் சுவர் எதுக்கு? மரத்துக்கு மரம் தாவுற கூட்டம்தானே!"

தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் சத்தமாகவே சொன்னேன்: "போய்யா, எலி பிடிக்கி!"

மறுநாள் பள்ளி தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். கரும்பலகையின் இடது மூலையில் ஆரம்பித்து எழுபத்திரண்டு சொற்களையும் எழுதினேன். படங்கள் சரியாக வரவில்லை. என் கோழி பானையைப் போலவே இருந்தது. பிள்ளைகள் வாசித்தார்கள். பத்து மணிக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிய புத்தகத்தின் பாடத்தை எழுதிப் போட்டேன்.

இது மூன்றாவது வாரம். எழுதி எழுதி வலது தோள் வலியெடுத்துவிட்டது. முந்தாநாள் நான் ஐம்பதாவது சொல்லில் கையை உதறியபோது, சீக்கிரமே வந்திருந்த முவாசியோனா என்னிடமிருந்து சுண்ணாம்புக் கட்டியை வாங்கினாள். கை எட்டும் உயரத்தில் மீதியை எழுதினாள். இரண்டு பிழைகள் இருந்தன. எப்படியும் பத்து மணிக்கு அழிக்கப்போவதுதானே என்று திருத்தாமல் விட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.