ஆடுகள் வராத சத்தம்

ஜெனீற்றா வாங்கிய ட்ரம் செற் ஊர்காவற்றுறைக்கு ஓர் ஓட்டோவின் பின்சீற்றில் வந்து சேர்ந்தது. முழுச் செற்றும் அந்தச் சீற்றுக்குள் அடங்கியதோடு, பக்கத்தில் ஓட்டோக்காரரின் வாழைக்குலை ஒன்றுக்கும் இடம் மிச்சம் இருந்தது. அதைக் கண்டபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

முகநூலில் பார்த்த படம் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் சிவப்பு நிறத்தில் பளபளவென்று நாலு ட்ரம்மும் ஒரு தாளத்தட்டும். பக்கத்தில் ஒரு கதிரையோ ஒரு மனிதரோ நின்றிருந்தால் அளவு பிடிபட்டிருக்கும். விற்றவர் கெட்டிக்காரர். ஓர் எறும்பைக்கூடப் படத்துக்குள் விடவில்லை.

கடலுக்குப் போய் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அவளுடைய புருசன் யாக்கோப்பு, முற்றத்தில் இறங்கிய சாமானைச் சுற்றிப் பார்த்தான்.

"இது குட்டியோ? தாய் பிறகு வருமோ?" என்று கேட்டான்.

ஜெனீற்றா சாமானை அடுக்கி நிமிர்த்தினாள். செற்றோடு வந்த முக்காலியில் இருந்து பார்த்தாள். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மை மிதித்தாள். நனைந்த காட்போட் பெட்டியை உதைத்த மாதிரி ஒரு சத்தம். நடுவில் வைக்கும் ஸ்னேர் ட்ரம், அடியில் கம்பிச்சுருள் கட்டியது, ஊசி போட்டு வைத்த பிஸ்கற் ரின்னைக் குலுக்கியதுபோல் கிலுகிலுத்தது. மேலே இருந்த சின்ன ட்ரம்கள் இரண்டையும் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

இவ்வளவுக்கும் அவள் ஒன்றும் விளையாட்டுக்கு வாங்கவில்லை. ஊரில் 'சிப்பி' என்று ஓர் இசைக்குழு இருந்தது. கலியாணம், பெருநாள், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் வாசிப்பார்கள். அதில் ட்ரம் அடித்தவர் பிரான்சுக்குப் போய்விட்டார். கீபோட் வாசிக்கும் டிலோன்தான் குழுவுக்குப் பொறுப்பு. "ஆரெண்டாலும் சொந்தமா ஒரு செற்றோட வந்தா அவைதான் எங்கட ட்ரம்மர்" என்று அவன் கோயில் வாசலில் வைத்துச் சொன்னதை ஜெனீற்றா கேட்டுவிட்டாள். அவள் தையல்காரி. பதினெட்டு வயதில் இருந்து தையல் மெசினின் மிதிபலகையை மிதித்துக்கொண்டே பாட்டுப் பாடுகிறவள். அவளுடைய கால் தாளம் தவறியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. கை பிறகு படியும் என்று நம்பினாள். நெடுந்தீவில் ஒரு கலியாணம் வருகிறது, அதில் அடிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம்.

அன்றைக்குப் பின்னேரம் முதல்முறையாகச் சின்ன ட்ரம்மை வரிசையாக நாலு தட்டுத் தட்டினாள். வேலியில் ஓட்டையாகக் கிடந்த பொட்டுக்குள்ளால் ஓர் ஆடு தலையை நீட்டியது. பிறகு இன்னொன்று. அவள் கையை எடுக்க முதல் பக்கத்து வளவில் நின்ற மாக்கிறேற் அக்காவின் ஆடுகள் எல்லாம் முற்றத்தில் நின்றன. குட்டிகள் ட்ரம்முக்குள் தலையை நுழைக்கப் பார்த்தன.

பின்னால் மாக்கிறேற் அக்கா ஓடி வந்தாள். கையில், அவள் தட்டித் தட்டி ஆடுகளைக் கூப்பிடும் கஞ்சி வாளி.

"ஜெனீற்றா, என்ரை வாளியை நீ ஏன் தட்டுறாய்?"

"வாளி உங்கட கையிலை கிடக்கு, அக்கா."

மாக்கிறேற் அக்கா வாளியைப் பார்த்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு குனிந்து ட்ரம்மை ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டும் ஒரே சத்தம். ஆடுகள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றன.

அந்த இரவு ஜெனீற்றாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அவள் தோற்று இருக்கிற ஆளில்லை. கைபேசியில் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒருவர் பெரிய ட்ரம்முக்குள் தலையணை வைக்கச் சொன்னார். வீட்டில் இருந்ததில் நல்ல தலையணை யாக்கோப்புவின் இலவம்பஞ்சுத் தலையணை. அது ட்ரம்முக்குள் போய்விட்டது. மிதித்துப் பார்த்தாள். காட்போட் பெட்டி போய், நெஞ்சில் விழும் ஒரு கனமான 'தும்' வந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. யாக்கோப்புவுக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்கு.

அன்று தொடக்கம் அவன் லைஃப் ஜக்கெற்றை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தான். மூன்றாம் நாள் கழுத்து இடது பக்கம் பிடித்துக்கொண்டது. கடலில் அவன் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற வள்ளக்காரர், யாக்கோப்பு எதையோ கண்டுவிட்டான் என்று நினைத்து அந்தப் பக்கமே வலை விட்டார்கள். நல்ல பாடு, வலை நிறைய மீன். கரையில் ஆளுக்காள் வந்து, "எப்பிடியடாப்பா தெரிஞ்சது?" என்று கேட்டபோது அவன் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "தலையணை உங்கையே கிடக்கட்டும்" என்று மட்டும் சொன்னான்.

தலையணைக்குப் பிறகு தோல். தோல் என்று பேர்தானே தவிர அது பிளாஸ்ரிக் தாள். வளையத்தைச் சுற்றி இருக்கும் ஆணிகளைத் திருகினால் இறுகும். திருகுவதற்கு ஒரு சாவி இருக்க வேண்டும். விற்றவர் அதைத் தரவில்லை. யாக்கோப்புவின் குறட்டால் திருகினாள். முதலில் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு போனாள், தோல் கோணிக்கொண்டு நின்றது. பிறகுதான் உறைத்தது: கொலரை உடம்புத் துணியோடு பொருத்தும்போது ஓர் ஊசி இந்தப் பக்கம் குத்தினால் அடுத்தது எதிர்ப்பக்கம் அல்லவா குத்துகிறோம். அப்படியே எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். தோல் ஒரே சீராக நின்றது. தோலின் ஓரத்தில், தையலில் வெட்டி விழுந்த துணியில் இருந்து ஒரு சின்ன நாடாவை எடுத்து ஒட்டினாள். தட்டியபின் கிண்ணென்று இழுபட்ட சத்தத்தின் வால் அறுந்தது.

சத்தம் சரிதானா என்று பார்க்க அவளிடம் வேறு கருவி இல்லை. ஆடுகள்தான் இருந்தன. தட்டுவாள், வேலியைப் பார்ப்பாள். எல்லா ஆடும் வந்தால் அது வாளி. ஆணியை இளக்குவாள், மறுபடி தட்டுவாள். பாதி ஆடு வந்தால் பாதி வாளி. மாக்கிறேற் அக்காவும் வேலிக்கு அங்கால் கதிரை போட்டு இருந்து, "இப்ப வெள்ளைச்சி காதை ஆட்டினவள், ஆனா எழும்பேல்லை" என்று அறிவித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு நாள், சின்ன ட்ரம்கள் இரண்டும் உருண்டு திரண்டு 'டூம், டோம்' என்று பேசின. ஒரு கிழட்டுக் கிடாய் மட்டும் பொட்டுக்குள்ளால் வந்தது.

"இன்னும் ஒண்டு வருது அக்கா."

"அதை விடு. அது செவிடு. மற்றதுகள் வந்திருக்கும் எண்டு நினைச்சு வாறது."

அடுத்த நாளே டிலோனைக் கூப்பிட்டு அடித்துக் காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். கண்ணைத் திறந்து ட்ரம்மைப் பார்த்ததும் தலையாட்டம் நின்றது.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு, அக்கா. ஆனா கலியாண வீட்டிலை ஆக்கள் பாக்கவும் வேணுமெல்லோ. வீடியோ எடுப்பினம். நான் ரவுனிலை நிலக்ஷனுக்குச் சொல்லிப்போட்டன். அவனட்டைப் பெரிய செற் கிடக்கு, ஏறி இருந்தா ஆளே தெரியாது. நீங்கள் வந்து கூடப் பாடுங்கோவன்."

ஜெனீற்றா "ஓம்" என்றாள். அந்த 'ஓம்' எப்படிப்பட்டது என்று யாக்கோப்புவுக்குத் தெரியும். அவன் வலையை எடுத்துக்கொண்டு கரைப் பக்கம் போய்விட்டான்.

பயணத்தன்று அவள் குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் தான் தைத்த இரண்டு பெரிய பைகளோடு வந்தாள். "என்ன அக்கா இது?" என்று டிலோன் கேட்டான். "உடுப்பு" என்றாள். ஒரு பைக்குள் இருந்து 'டிங்' என்று கேட்டது. டிலோன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நிலக்ஷனின் செற் ஒரு வான் நிறைய வந்திருந்தது. நெடுந்தீவுப் படகிலோ ஏற்கெனவே அதே கலியாணத்துக்கான கதிரைகளும் சோடாப் பெட்டிகளும் கேக்கும் ஏறி நிரம்பியிருந்தன. "ஆளை ஏத்தலாம், இதை ஏத்த ஏலாது" என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். பெரிய செற் வானோடு கரையில் நின்றது. நிலக்ஷன் இரண்டு தடிகளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஏறினான். நல்ல பெடியன், ஆனால் அதற்கு முதல் படகில் ஏறியதில்லை. கரை மறைய முதல் சுருண்டு படுத்துவிட்டான். ஜெனீற்றாதான் அவனுக்குச் சத்தி வராமல் இருக்கத் தேசிக்காய் கொடுத்து முகர வைத்தாள்.

நெடுந்தீவில் மண்டபம் என்றது தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். டிலோன் வாய் திறக்க முதல் ஜெனீற்றா பைகளை அவிழ்த்தாள்.

"உடுப்பெண்டனீங்கள், அக்கா."

"ஓம். நிலக்ஷன் தம்பிக்கு அளவோ எண்டு பாருங்கோ."

நிலக்ஷன் முக்காலியில் இருந்தான். வளர்ந்த பெடியன். முழங்கால் காதைத் தாண்டிவிட்டது. அவன் ஒவ்வொரு ட்ரம்மையும் தட்டி, "எல்லாம் இளகிக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு ஜெனீற்றாவிடம் குறடு வாங்கி இறுக்கினான், தன் பலம் முழுவதையும் போட்டு. ஜெனீற்றா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். பொம்பிளை மாப்பிளை உள்ளே வர, டிலோன் கை காட்ட, நிலக்ஷன் வலிமையாக அடித்தான்.

பொம்பிளையின் தாய் கிறேஸ், கையில் அகப்பையோடு பின்பக்கத்தால் ஓடி வந்தாள். "குசினிக்கை ஆர் தாச்சியெல்லாத்தையும் கொட்டினது?" என்று கேட்டாள். குசினியில் நின்றவர்கள், சத்தம் மண்டபத்தில் இருந்து வருகிறது என்றார்கள். மண்டபத்தில் நின்றவர்கள் ட்ரம்மைக் காட்டினார்கள். மாப்பிளையின் தகப்பன் காதில் இருந்த கேள்விக்கருவியைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நிலக்ஷன் தடிகளை ஜெனீற்றாவிடம் நீட்டினான். "அக்கா, எனக்கு ஏலாது. தலைக்குள்ளை கடல் இன்னும் ஆடுது. உங்கட சாமான், நீங்களே அடியுங்கோ."

சனம் பற்றீஸ் தின்று முடியும் நேரத்துக்குள் அவள் ஆணிகள் முழுவதையும் எதிரும் புதிருமாக இளக்கிச் சரியாக்கினாள். பாடுகிறவர்களின் மைக்குகளில் ஒன்றை வாங்கி, பெரிய ட்ரம்முக்குள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் சரி, ஸ்னேர் மட்டும் தகரக் கூரையில் பட்டுக் கிணீரிட்டது. அதற்குமேல் வைக்க அளவாகக் கனமுள்ள ஒரு சாமான் வேண்டும். சுற்றிப் பார்த்தாள்.

"மாப்பிளை, உம்மட பேர்ஸை ஒருக்காத் தாரும்."

மாப்பிளை பயந்து கொடுத்தார். ஸ்னேரின் ஓரத்தில் வைத்துத் தட்டினாள். கலியாணத்துக்கென்று வாங்கிய புதுப் பேர்ஸ், உள்ளே ஒன்றும் இல்லை. கிணீர் அப்படியே இருந்தது. பொம்பிளையின் தகப்பனுடையதை வாங்கினாள். அது கடையில் பில் கிழிக்கத் தொடங்கிய காலம் தொட்டு எல்லாப் பில்லையும் சுமந்துகொண்டிருந்தது. வைத்ததும் ட்ரம் செத்தேபோயிற்று. இதற்குள் விசயம் பரவி, ஆம்பிளைகள் எல்லாம் பேர்ஸை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தன் பேர்ஸ் சரிவரவில்லை என்றதும் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தார். எல்லாருக்கும் பின்னால் பங்குச்சுவாமியார் வந்தார்.

"என்ரையையும் ஒருக்காப் பாரும் பிள்ளை."

தேய்ந்த தோல் பேர்ஸ். உள்ளே ஒரு செபமாலையும் மோட்டச்சைக்கிள் லைசென்சும். ஜெனீற்றா வைத்துத் தட்டினாள். 'டப்' என்று விழுந்தது, சுத்தமாக, தடிப்பாக, கூரையைத் துணைக்குக் கூப்பிடாமல். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இதுதான் சுவாமி" என்றாள்.

பிறகு அவள் அடித்தாள். ஓங்கி அடிக்கவில்லை. தையல் மெசினை மிதிக்கிற மாதிரிக் காலை விட்டாள். நெடுந்தீவு மண்டபத்தில் அந்தக் குட்டி ட்ரம்முக்குள் இருந்து வந்த 'தும்' சீமெந்து நிலத்துக்குள்ளால் போய், இருந்தவர்களின் கதிரைக்கால் வழியாக ஏறியது. முதலில் குழந்தைகள் எழும்பினார்கள், பிறகு கிறேஸ் அகப்பையோடு எழும்பினாள். கோபித்துப்போய் இருந்தவர் மூன்றாம் பாட்டில் சாரத்தை மடித்துக் கட்டினார். டிலோன் கீபோட்டைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு வாசித்ததில் இரண்டு தரம் பிழை விட்டான். ஒருவருக்கும் தெரியவில்லை. நிலக்ஷன் அவளுக்குப் பின்னால் சோடாப் பெட்டியில் இருந்து, அவளுடைய காலைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குச்சுவாமியார் ஒரு பாட்டோடு போவதாகத்தான் இருந்தார். லைசென்ஸ் இல்லாமல் மோட்டச்சைக்கிள் எடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு நின்றார். பாட்டுக்குமேல் பாட்டாகப் போயும் பேர்ஸ் அவர் கைக்குத் திரும்பி வரவில்லை. கடைசியில், சும்மா நிற்கிறதுக்கு ஆடினால் என்ன என்று சொல்லிக்கொண்டு அவரும் ஆடத் தொடங்கினார்.

அடுத்த நாள் காலைப் படகில் ஜெனீற்றா இரண்டு பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். தோள்மூட்டு இரண்டும் வலித்தன. தேசிக்காயை மூக்கில் பிடித்தபடி பக்கத்தில் இருந்த நிலக்ஷன், அந்த மிதிக்கிற பழக்கத்தைப் படிக்க ஒரு தையல் மெசின் எங்கே வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். எதிரில் இருந்த ஒரு வயதுபோன அம்மா எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளை, நேற்று மண்டபத்திலை அடிச்ச ஆக்களோ நீங்கள்?"

"ஓம் அம்மா."

"என்ரை வீடு வெளிச்சவீட்டுப் பக்கம். அங்கை வரைக்கும் கேட்டது. எவ்வளவு பெரிய மேளமடி அது. எங்கை, அதை ஏத்தேல்லையோ?"

ஜெனீற்றாவுக்குப் பையை அவிழ்த்துக் காட்டக் கை எழும்பவில்லை. காட்டினாலும் அந்த அம்மா நம்பப் போவதில்லை.

"அது பெரிசெல்லோ, அம்மா. அடுத்த படகிலை வருது" என்றாள்.