சீட்டுப் போட்டு வாங்கிய துவக்கு

துளைக்குள் என் சுண்டுவிரல் முழுவதும் போனது. விரல் நுனியில் அந்தப் பக்கத்துக் காற்றுப் பட்டது. துப்பாக்கிச் சன்னம் சுவருக்குள் நிற்கவில்லை, ஜிஸ்லேன் மடாமின் வீட்டுக்குள் போய்விட்டது என்று அப்போதுதான் விளங்கியது. அண்ணாவிடம் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. சொன்ன எனக்கே கேட்கவில்லை. காதுக்குள் அவ்வளவு இரைச்சல். அவன் மேசைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு வலக்கையைத் துவாயால் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தோல் பிளந்திருந்தது. துவாய் நனைந்துகொண்டே வந்தது. மேசையில் என் வரலாற்றுக் கொப்பி விரித்தபடி கிடந்தது, என் மற்றக் கையில் பேனை அப்படியே இருந்தது. நான் இருந்த கதிரைக்கும் அந்தத் துளைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

ஜிஸ்லேன் மடாம் எங்கள் பக்கத்து வீடு. தனியாக இருக்கிற வயதான மனுசி. அவர் தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அம்மாவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பிரியா, இதை அவருடைய வீட்டுக்குள் இருந்துதான் உனக்கு எழுதுகிறேன். கதவை உள்ளே பூட்டிவிட்டேன். துவக்கு என் மடியில், அம்மா வீட்டில் உடுத்தும் பழைய சோட்டிக்குள் சுற்றியபடி இருக்கிறது. வெளியே அண்ணாவும் யோகநாதன் அண்ணையும் நிற்கிறார்கள். அம்மா பியர்ஃபித்தில் மாமி வீட்டுச் சாமத்தியச் சடங்குக்குப் பலகாரம் சுடப் போயிருக்கிறார். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. நீ துலூஸுக்குப் போன பிறகு இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது, ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

லா சப்பல் தமிழ்க் கடைகளில் வேலை செய்கிறவர்கள் சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கடைசி ரயிலில் வீட்டுக்குப் போவது பறிக்கிறவர்களுக்கும் தெரியும். போன மாரியில் எங்கள் கார்ஜ் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகப் பறிகொடுத்தார்கள். ஒருவரும் பொலிசுக்குப் போகவில்லை. சிலருக்கு விசா இல்லை, சிலருக்கு அந்தச் சம்பளமே கணக்கில் இல்லாத சம்பளம். அந்தப் பயம் பொய்யில்லை. அதை நான் மறுக்க மாட்டேன். அதற்குப் பிறகு செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாலு பேர் கூடிக் கதைத்தார்கள். மரக்கறிக் கடையில் நிற்கிற என் அண்ணா கஜன், மீன் கடை யோகநாதன் அண்ணை, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற றமேஸ் அண்ணை, பிறகு ஏரம்பமூர்த்தி அண்ணை. ஏரம்பமூர்த்தி அண்ணைதான் எங்கள் ஆட்களுக்குச் சீட்டுப் பிடிக்கிறவர். தாலிக்கொடிக்கு, காருக்கு, ஊரில் வீட்டுக்குக் கூரை போட, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் சீட்டுக் கட்டுவார்கள். அவர் துவக்குக்கும் ஒரு சீட்டுப் பிடித்தார்.

விற்றவன் தன் பெயர் லியோனல் என்றானாம். சத்தம் மட்டும் போடுவதற்கென்று செய்த துவக்கை எவனோ எங்கேயோ மாற்றி, சுடுகிற துவக்கு ஆக்கியிருந்தான். இவர்கள் அவனோடு பேரம் பேசிப் பாதி விலைக்கு இறக்கினார்கள். அதற்கு மேல், மீன் வாங்கிவிட்டுக் கறிவேப்பிலை கேட்கிறது போல, துவக்குக்குப் போடும் ரவைகளைச் சும்மா தரச் சொல்லிக் கேட்டார்கள். அவனும் ஒரு கை அள்ளிக் கொடுத்தான். அண்ணா இதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்கள். துவக்கை ஏன் ஒருவன் பாதி விலைக்குத் தருகிறான் என்று நாலு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் அப்பாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அப்பா வன்னியில் சூடு பட்டு விழுந்தபோது அண்ணா பக்கத்தில் நின்றவன். அப்போது அவனுக்கு எட்டு வயது. துவக்கு என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைக் கேட்டபோது, அது வேறை, இது பயப்பிடுத்த மட்டும் என்றான்.

பெயர்களைத் துண்டில் எழுதித் தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்கினார்கள். ஆளுக்கு ஒரு மாதம். முதல் முறை ஏரம்பமூர்த்தி அண்ணைக்கு விழுந்தது. அவர் அதை அரிசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒரு மாதமும் நிம்மதியாக நித்திரை கொண்டார். இரண்டாவது றமேஸ் அண்ணை. பறிக்கிறவர்கள் அவரை மறித்தபோது அவர் துவக்கை எடுத்து நீட்டினார். விசையை அமத்தினார். அது சிக்கிக்கொண்டது. வெறுங்கையோடு நின்றிருந்தால் காசை மட்டும் பறித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். துவக்கைக் கண்டதால் முகத்திலேயே குத்தினார்கள். முன்பல் இரண்டும் போனது. பிறகு துவக்கைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவர் மேலேயே எறிந்துவிட்டுப் போனார்களாம். களவெடுக்கிறவனே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போன சாமான் அது.

அன்றைக்கே அதைக் கால்வாயில் எறியச் சொன்னேன். அண்ணா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். கூட்டாக வாங்கியதை ஒருத்தன் எறிய முடியாதாம். அவனுடைய முறையும் யோகநாதன் அண்ணையின் முறையும் வரவில்லையாம். கட்டினவனுக்கு முறை வருமுன் சீட்டைக் குலைத்தால் லா சப்பலில் தலை காட்ட முடியாதாம். பல்லுப் போன றமேஸ் அண்ணைகூட அதற்கு ஓம் என்றுதான் சொன்னாராம்.

இன்றைக்கு அண்ணாவின் மாதம் முடிகிறது. யோகநாதன் அண்ணை கடை பூட்டிவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். பழுதான சாமானை இன்னொருத்தருக்குக் கொடுப்பது மரியாதை இல்லை என்று அண்ணாவுக்கு ஒரு நினைப்பு. இரவல் வாங்கிய சட்டியைக் கழுவிக் கொடுக்கிறது போல. சிக்கி நின்ற ரவையை எடுக்கிறேன் என்று, நான் படித்துக்கொண்டிருந்த மேசையிலேயே வைத்துக் கிண்டினான். தள்ளிப் போய்ச் செய் என்றேன். இஞ்சைதான் வெளிச்சம் என்றான்.

வெடித்த சத்தத்துக்குக் கட்டடத்தில் ஒருவரும் எழும்பி வரவில்லை. கீழே எவனோ சீனவெடி கொளுத்தினான் என்று நினைத்திருப்பார்கள்.

நான் அவன் கைக்கு இன்னொரு துவாய் தேடிக்கொண்டிருந்தபோது யோகநாதன் அண்ணை கதவைத் தட்டினார். மீன் மணத்தோடும் கடை கழுவுகிற ஜவெல் மருந்து மணத்தோடும் உள்ளே வந்தார். அண்ணா நடந்ததைச் சொன்னான். அவர் முதலில் அண்ணாவின் கையைப் பார்த்து, ஐஸ் வைக்கச் சொன்னார். பிறகு போனில் வெளிச்சம் போட்டுக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போனார். துளைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"அப்ப வேலை செய்யுது," என்றார்.

அண்ணா சிரித்தான். வலியில் முகம் கோணியபடி, ஆனால் சிரித்தான். "சும்மா இல்லை அண்ணை, நல்ல உதை."

"நான் நினைச்சன் என்ரை காசு துலைஞ்சுது எண்டு."

பிரியா, அவர்கள் கதைத்தது அவ்வளவுதான். அந்தச் சுவருக்கு அங்கால் ஆள் இருந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் சோட்டியை எடுத்துத் துவக்கின் மேல் போட்டு, அப்படியே அள்ளினேன். மற்றக் கையால் ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்து பூட்டினேன்.

மின்விளக்கைப் போட்டேன். எங்கள் சுவரோடு ஒட்டிக் கிடப்பது ஒரு சின்னக் கட்டில். ஜிஸ்லேன் மடாமின் பேரன் யோஹானுடையது. உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, படியில் கண்டால் பொக்கெட்டுக்குள் இருந்து கல் எடுத்துக் காட்டுவானே, அந்தப் பொடியன். புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்பதால் செவ்வாய் இரவுகளில் அவன் இங்கேதான் படுப்பான். இன்று திங்கள்.

தலையணையில் டைனோசர் படம் போட்ட உறை. அதன் நடுவால் சன்னம் போயிருக்கிறது. பஞ்சு வெளியே வந்து கிடக்கிறது. தலையணைக்குப் பிறகு கட்டிலின் பக்கப் பலகை, அதற்குப் பிறகு அலுமாரி. அலுமாரிக் கதவில் சன்னம் பாதி உள்ளே போய் நிற்கிறது. நகத்தால் தொட்டுப் பார்த்தேன்.

அப்போது அண்ணா கதவைச் சுரண்டினான். பலமாகத் தட்டவும் பயம் அவனுக்கு.

"லக்சி, திற. விளையாடாதை."

நான் பார்த்ததைச் சொன்னேன். தலையணை என்று சொல்லும்போது அழுகை வந்தது.

"நல்ல சாமானா வாங்கியிருந்தா இப்பிடித் தன்பாட்டில வெடிச்சிருக்காது," என்றான் அண்ணா. "காசைப் பாத்ததுதான் பிழை."

"நல்ல சாமான் எண்டா இந்த அலுமாரியையும் துளைச்சுக்கொண்டு போயிருக்கும். அதுக்கு அங்காலை யார் இருக்கினம் எண்டு தெரியுமோ உனக்கு?"

யோகநாதன் அண்ணை இடையில் வந்தார். மெதுவாகத்தான் கதைத்தார், கோபமாக இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "தங்கச்சி, உமக்குப் பயம் எண்டு விளங்குது. நான் கொண்டு போனா இந்த வீட்டில அது இல்லைத்தானே. என்ரை பங்கை நான் கேக்கிறன், வேறை ஒண்டுமில்லை."

"உங்கடை பங்கு அலுமாரிக் கதவுக்குள்ளை கிடக்கு அண்ணை. வந்து பொறுக்கிக்கொண்டு போங்கோ."

பிறகு அவர்கள் ஏரம்பமூர்த்தி அண்ணைக்கு எடுத்து, போனைக் கதவடியில் பிடித்தார்கள். நித்திரையால் எழும்பிய குரல். அவர் என்னைப் பிள்ளை, குஞ்சு என்றெல்லாம் கூப்பிட்டார். கூட்டாக வாங்கியது, கூட்டாகத்தான் முடிவெடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருந்து கதைப்போம் என்றார். ஒரு சின்னப் பிள்ளையின் தலைமாட்டில் துளை விழுந்ததற்கும் அந்த மனிதர் கூட்டம் வைக்கப் பார்க்கிறார். அவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் அதைச் சொன்னார்.

"பொலிசுக்கு மட்டும் போன் அடிச்சிடாதை, பிள்ளை. கொண்ணன்ரை கையில இருக்கிறது றெசெப்பிசே. கார்ட் இல்லை. துவக்கோட பிடிபட்டவனுக்கு இவங்கள் என்ன குடுப்பாங்கள் எண்டு நினைக்கிறாய்?"

அது உண்மை. அண்ணாவிடம் இருப்பது விசா புதுப்பிக்கக் கொடுத்ததற்கு அத்தாட்சியான ஒரு தாள் மட்டும். அதை வாங்குவதற்கு அவன் எத்தனை விடியற்காலைகளில் வரிசையில் நின்றான் என்று எனக்குத் தெரியும். அது போனால் அவன் போக வேண்டிய இடமும் தெரியும். அவன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் துவாயைச் சுற்றிக்கொண்டு படியில் இருப்பதும் அதனால்தான். இவ்வளவு தெரிந்த ஏரம்பமூர்த்தி அண்ணைக்கு, பேணியைக் குலுக்கும்போது அந்தத் தாள் நினைவுக்கு வரவில்லை.

யோகநாதன் அண்ணை போகவில்லை, இருமல் கேட்கிறது. அண்ணா ஒருமுறை மட்டும், கையில இரத்தம் நிக்குதில்லை லக்சி, என்று சொன்னான். அதைக் கேட்டதும் எழும்பிப் போய்த் திறப்பில் கை வைத்தேன். ஆனாலும் கதவைத் திறந்தால் துவக்கு போய்விடும். யோகநாதன் அண்ணைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், மனைவியோடு நாலு பேருக்கும் ஒரே அறை. வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்ட சாமானை அவர் எங்கே வைப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்றை நினைக்க நினைக்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்தத் துவக்கு மலிவாக இருந்தபடியால்தான் றமேஸ் அண்ணையின் பல்லுப் போனது, அண்ணாவின் கை பிளந்தது. மலிவாக இருந்தபடியால்தான் சன்னம் அலுமாரியோடு நின்றது. இனி இவர்கள் கூடி இருந்து இதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடிப்பார்கள். அடுத்த முறை கொஞ்சம் கூடப் போட்டு நல்லதாக வாங்குவோம் என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நீ பார்.

நான் தலையணை உறையைக் கழற்றிவிட்டேன். பஞ்சைப் பொறுக்கி ஒரு பையில் போட்டேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. பொலிஸ் வந்தால் தொடக்கூடாத சாமான் அது என்று பிறகுதான் யோசித்தேன். நாளைக்கு ஜிஸ்லேன் மடாம் வருவார். நாளை இரவு யோஹான் இந்தக் கட்டிலில் ஏறிப் படுப்பான். போனில் பொலிசின் இலக்கம், ஒன்றும் ஏழும், அடித்து வைத்திருக்கிறேன், பச்சைப் பொத்தானை மட்டும் அமத்தவில்லை. அமத்தினால் என் அண்ணாவை நானே ஊருக்குத் திருப்பி அனுப்புகிறேன். அமத்தாமல் கதவைத் திறந்தால் இந்தத் துவக்கு இன்னொரு பிள்ளையின் தலைமாட்டுக்குப் போகிறது.

நாளைக்கு யோஹான் வந்து தன் டைனோசர் தலையணை எங்கே என்று என்னிடம் கேட்டால், பிரியா, நான் அவனுக்கு என்ன சொல்வது?