தைத்த கிளை

பல ஆண்டுகளுக்கு முன் அழுத்தி உலர்த்தி, நஞ்சு பூசித் தாளில் தைக்கப்பட்ட ஒரு கிளை, உலர்தாவரக் காப்பகத்தின் இரும்பு அலமாரிக்குள் பூத்தது. திறந்து பார்த்த தையற்காரி ஊசியை நழுவவிட்டாள். அவள் அழைத்து வந்த ஆய்வாளர், நாற்காலி இருப்பதாக எண்ணித் தரையில் அமர்ந்தார். உலர்ந்த கிளைகளைத் தாளில் நூலால் தைப்பது அவள் வேலை. இக்கிளையைக் கொணர்ந்தவன் அவள் கணவன். உதிர்ந்த மொட்டுறைகள், மோதிரம் கழற்றிய விரலில் எஞ்சும் தடம்போல, கணுதோறும் தண்டைச் சுற்றி வளையம் விட்டிருந்தமையால், அது சண்பகக் குடும்பத்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எவரும் பதிவு செய்யாத இனம் என்று அவன் சாதித்ததைத்தான் ஆய்வாளர் ஏற்கவில்லை: பூவின்றிப் பெயரில்லை என்றார். பூப்பறிக்க அதே மரத்தில் மீண்டும் ஏறியவன் உச்சியிலிருந்து விழுந்து இறந்தான். அடுத்த மழையில், அவ்வினத்தில் ஒன்றேயான அம்மரமும் சாய்ந்தது.

சட்டைப்பையில் எப்போதும் சவர பிளேடு வைத்திருந்ததாலும், பேசத் தொடங்கினால் நிறுத்தாததாலும் ஆய்வாளருக்கு ‘பிளேடு’ என்றே பெயர். அன்று அவர் உருப்பெருக்கியை எடுத்துப் பூவின்மேல் குனிந்தார். புல்லியென்றும் அல்லியென்றும் பிரிக்க இயலாத வெண்மடல்கள். நடுக்கூம்பைச் சுற்றித் திருகாக ஏறும் மகரந்தக் கேசரங்கள். அவற்றுக்கு மேலே சூலகங்கள். நெருங்கிய இனங்களில் சூலகத்துக்கு, பின்னர் விதையாகும் சூல்கள் இரண்டு; மிகுந்தால் இது புது இனம். இதில் எத்தனை என்பதே எஞ்சிய கேள்வி.

“அறுத்தாத்தாம்மா எண்ண முடியும். அவன் சொன்னது சரின்னா இன்னிக்கே எழுதிடறேன்.”

“ஒரே பூ சார். காய்க்கட்டும், விதையை எண்ணுங்க.”

“மூடின அறைக்குள்ள எப்படிம்மா காய்க்கும்?”

“செத்த கிளை பூத்திருக்கு. காய்க்கிறதுக்குத்தான் கணக்குக் கேக்கறீங்களா?”

இக்குடும்பத்துப் பூக்களுக்கு வண்டே மகரந்தம் சுமக்கும். காப்பகத்துக்கோ வண்டே பரம எதிரி. ஒன்று நுழைந்தாலும் சேகரிப்பு முழுவதும் தூளாகிவிடும் என்பதால், கட்டடம் எழுந்த நாள்முதல் சன்னல்கள் ஆணியடித்து மூடப்பட்டிருந்தன. அவள் கத்தரிக்கோல் முனையால் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். தடுக்க வேண்டியவர் பிளேடைப் பையிலிட்டுவிட்டு அடுத்த சன்னலுக்குச் சென்றார். மாலையில் வண்டுகள் வந்தன. வேறெந்தத் தாளையும் தொடாமல் பூவுக்குள் நுழைந்தன.

காய் வெடித்தபோது, சூலகம் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு செவ்விதைகள் வெண்ணூலில் தொங்கின. நூலில் விதை தொங்குவது இக்குடும்பத்தின் இயல்பு. இந்நூல்களின் நுனியில் மட்டும் தையற்காரி இடும் முடிச்சு இருந்தது. ஆய்வாளர் எண்ணினார், மீண்டும் எண்ணினார், இறந்தவனின் பெயரையே இனத்துக்கு இட்டார். கிளை விட்ட வேர் இப்போது அலமாரியின் அடித்தட்டைத் துளைத்துத் தரைக்கு வந்துவிட்டது. ஆய்வுக்கு வருவோர் அதைத் தாண்டிச் செல்கின்றனர். மாலையில் சன்னல்களைத் திறப்பது காவலாளியின் பொறுப்பு.