சாய்ந்திருந்த பட்டை

1
ஒக்டோபர் 9, வியாழன். திங்கட்கிழமை விட்ட பிழையை இன்றுதான் எழுதுகிறேன்: சாய்ந்திருந்த ஒரு கோட்டை நேராக்கிவிட்டேன். இந்தக் கதை அதிலிருந்து வந்தது.

மாலைக் கணினி வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருப்பவன் ஏறாவூர் ஷிஹான். அவனுடைய நானா, அதாவது அண்ணன், ஸப்ரான், கட்டாருக்குப் போகுமுன் தன் பழைய பிஎஸ்பி கேம் கருவியில் ஒரு ஃபுட்போல் அணியின் சட்டையை மாற்றி வரைந்தார். பச்சைச் சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டை. அவர் வீட்டு ஒழுங்கையின், அந்தச் சிறு தெருவின், பொடியன்கள் ஆடிய அணியின் சட்டை.*

ஷிஹான் அதைக் கொண்டுவந்து, மங்கிய இலக்கங்களைத் தெளிவாக்கித் தரச் சொன்னான். செய்தேன். பட்டை சரிந்து கிடந்தது. அதையும் நேராக்கி, பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். (எதற்கும் பிரதி எடுப்பவள் நான். ஒரு கோடுதானே என்று அன்று எடுக்கவில்லை.)

கேமைப் போட்டோம், வீரர் திடலுக்கு வந்தார். பட்டை கோணலாக நின்றது.

* கேமுக்குள் சட்டை என்பது விரித்து வைத்த தட்டைப் படம். கேம் அதை உடம்பில் சுற்றும். சுற்றியபின் நேராகத் தெரியவே அவர் அதைச் சரித்து வரைந்திருக்கிறார்.

2
முதலில் எழுதிய தொடக்கம்: “ஷிஹான் கை தவறி நானாவின் படத்தைக் கெடுத்த அன்று வாவியில் பெருங்காற்று—”

காற்று அடிக்கவில்லை. கெடுத்தது ஷிஹானும் இல்லை. அப்படி எழுதத் துணிந்தேன் என்று நீங்கள் பார்க்கவே அந்த அரை வாக்கியத்தை விட்டுவைக்கிறேன்.

3
பதினொரு பாகை சரித்தேன். பிறகு பதின்மூன்று, பதினான்கு. முன்பக்கம் சரிவந்தால் விலாவில் பட்டை உடைகிறது. இன்று வகுப்பு முடிந்தும் நாங்கள் எழும்பவில்லை.

“நாளைக்குக் காலமை நானா வந்திருவாரு,” என்றான் ஷிஹான். “போனில முதல்ல கேட்டதே சட்டை இரிக்கா எண்டுதான்.”

“நீ என்ன சொன்ன?”

“இரிக்கி எண்டன். இரிக்கித்தானே, கோணலா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நீ கையில அடிமட்டத்தோட பொறந்த ஆள், கம்சா. மாங்காயையும் அளந்துதான் வெட்டுவாய்.”

“மறுகா என்ன செய்ற?”

“ஜும்மா முடிஞ்சு வந்துதான் அவருக்குக் காட்டுவன், நான்தான் கெடுத்தன் எண்டு சொல்றன். தம்பிதானே, ரெண்டு ஏச்சோட விட்டிருவாரு. நீ எண்டா ஏச மாட்டாரு. ஆனா மறுகா உன்னை வீட்டுப்பக்கம் எடுக்க மாட்டாரு.”

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. (இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பாத்திரம், இந்த இடத்தில் பேசாமல் இருந்தவள்.)

4
மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

பன்னிரண்டரைப் பாகையில் பட்டை பொருந்துகிறது, நானா கண்டுபிடிக்கவில்லை. இதை எழுதி அடித்துவிட்டேன். அவர் வரைந்ததை அவர் கண்டுபிடிப்பார்.

ஷிஹான் பழியை ஏற்கிறான். ஏச்சு முடிந்து மூவரும் விளையாடுகிறோம். இது அழகாக வந்தது. எனக்கு வசதியாகவும் இருந்தது. அதனால்தான் நம்பவில்லை.

நான் சொல்கிறேன். அவர்—

இதற்குமேல் எழுத முடியவில்லை. ஸப்ரான் நானாவின் குரலை நான் கேட்டதே இல்லை. கேட்காத குரலில் எனக்கான மன்னிப்பை நானே எழுதிக்கொள்வது களவு. வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள். அவரைச் சிரிக்க வைக்க அவசரப்பட வேண்டாம்.

நாளை வெள்ளி. தேற்றாத்தீவிலிருந்து பதினொரு மணி பஸ். மட்டக்களப்பில் மாற வேண்டும். ஜும்மாத் தொழுகை முடியும் நேரத்துக்கு ஏறாவூரில் நிற்க வேண்டும். ஷிஹான் வாய் திறக்குமுன் நான் சொல்ல வேண்டும்.