கீரமங்கலம் கிடங்கில் பதினெட்டுத் தேயிலைப் பெட்டிகள்

அந்த ஒரு மடக்குக்குப் பிறகு, இன்றும் தேநீரை முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறேன்.

1957. புதுக்கோட்டையில் ஒரு தேயிலைக் கம்பெனியின் கிடங்கில் நான் தற்காலிகக் குமாஸ்தா. ஆவூர்க்காரன், பெயர் லூர்துநாதன். கிழக்கே கடற்கரை வரை சரக்கு போய்ச் சேர ஒரு திட்டம் போடு, ஒழுங்காக நடந்தால் உன் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்றார் திருச்சி மேனேஜர் ஆத்மநாதன். அம்மாவும் மூன்று தங்கைகளும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். விடுவேனா?

ரயிலில் வரும் பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றி, பாதி வழியில் கீரமங்கலத்தில் ஒரு கிடங்கு பிடித்து இறக்கி, அங்கிருந்து கட்டுமாவடி வரை கடைகளுக்கு அனுப்ப வேண்டும். இதை யார் வேண்டுமானாலும் போடுவார்கள். என் மூளை சும்மா இருக்கவில்லை. கட்டுமாவடியிலிருந்து வண்டி ஏன் வெறுமனே திரும்ப வேண்டும்? கருவாடு ஏற்றி வரட்டும். மாடுகள் இளைப்பாற வேண்டுமே, அதுவரை கருவாடும் கீரமங்கலம் கிடங்கிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் எழுதி வண்டிக்காரர் சேவுகனுக்குப் படித்துக் காட்டினேன்; இது ஒழுங்காக நடந்தால் என் வேலை நிரந்தரம் என்றும் சொன்னேன். அவரும் இம்மி பிசகாமல் செய்தார்.

தவக்காலம் வந்தது. நாற்பது நாளும் எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் கறி கிடையாது, மீனுக்குத் தடையில்லை. ஆவூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம் கருவாடு கேட்டார்கள். நானும் பெரிய மனுஷனாட்டம் மூட்டை மூட்டையாக வரவழைத்துக் கொடுத்தேன்.

அந்த மாதத்தில்தான் ஆத்மநாதன் கீரமங்கலம் கிடங்கைப் பார்க்க வந்தார். மூட்டைகளை முந்தின நாளே அனுப்பிவிட்டு, தரையைக் கழுவி வைத்திருந்தேன். அவர் ஒரு பெட்டியைத் திறந்து, பக்கத்து டீக்கடையில் கொடுத்துப் போட்டு வரச் சொன்னார். ஆளுக்கொரு தம்ளர். ஒரு மடக்கு குடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நானும் குடித்தேன். நெத்திலிக் கருவாடு!

அவர் இன்னொரு பெட்டியைத் திறந்து முகர்ந்தார். பிறகு இன்னொன்று. பதினெட்டும் அதே நாற்றம். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைத் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பது அந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. எந்தப் புத்தியில் எழுதினேன் என்று தெரியவில்லை.

"யார் போட்ட ஏற்பாடு இது?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் சேவுகன் முன்னால் வந்தார். டீயை அவர் குடிக்கவில்லை. மேனேஜர் மெச்சித்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"எல்லாம் நம்ம கிளார்க்குத் தம்பி ரோசனைதாங்க. கருவாட்ட இங்கிட்டு எறக்கி வைக்கச் சொன்னதும் அவருதாங்க. இப்புடி மூளையுள்ள ஆளு ஒங்களுக்கு எங்கிட்டும் கெடைக்காதுங்க."

ஆத்மநாதன் என்னை வெளியே அழைத்துப் போனார். "நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சேவுகன் என்னிடம் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாஞ் சொன்னது வேல செஞ்சுச்சா தம்பி? நெரந்தரம் ஆக்கிட்டாரா?"

"ஆக்கிட்டாருண்ணே" என்றேன்.