இடக்கண்ணின் துக்கம்

மாமனாரின் செத்தவீட்டில் ஆனந்தராசா ஒரு சொட்டும் அழவில்லை. அந்தக் கோபத்தில் மனைவி புஸ்பராணி பாலையூற்று வீட்டுக்குத் திரும்பாமல், சாம்பல்தீவில் தாயோடு தங்கிவிட்டாள்.

தனியே சமைத்துச் சாப்பிட்ட நாட்களில்தான் அவருக்கு ஒரு புதினம் தெரிந்தது: சோற்றை மென்றால் இடக்கண் ஒழுகியது. போன வருசம் இடப்பக்க முகம் கோணி நேரானதன் மிச்சம் அது என்றார் டாக்குத்தர்.

"முகத்தை அசைக்கிறது, ருசி, கண்ணீர், உமிழ்நீர், எல்லாத்துக்குமான இழையள் ஒரே நரம்புக்குள்ளதான் ஓடுது. திரும்ப வளரேக்கை உமிழ்நீர் இழை வழிதவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போயிட்டுது."

முப்பத்தோராம் நாள் படையலுக்குப் போனார். பந்தியில் வலப்பக்கம் இருந்தவர்கள் ஒன்றும் காணவில்லை. இடப்பக்கமாகப் பரிமாறி வந்த புஸ்பராணி, கத்தரிக்காய்க் கறியில் சொட்டிய கண்ணீரைக் கண்டு அகப்பையோடு நின்றாள்.

"அப்பாவையோ நினைக்கிறியள்?"

டாக்குத்தர் சொன்னதைச் சொல்லத்தான் ஆனந்தராசா வாயைத் திறந்தார். அதற்குள் அவள் இன்னொரு வடை வைத்துவிட்டாள்.

"ஓம்," என்று அதைக் கடித்தார்.

அன்று பின்னேரமே அவள் அவரோடு பஸ் ஏறினாள். மறுநாள் காலை அவர் பிட்டைத் தின்றார், கண் ஒழுகியது.

"இண்டைக்குமோ?"

"ஓம்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது, அவர் இருந்து சாப்பிடும் கதிரைக்கு நேர் எதிரே மாமனாரின் படம் மாட்டியிருந்தது.