அம்மா பேரில் உள்ள வண்டி

எங்கள் கல்லூரியில் பழைய வண்டி ரசிகர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். அதில் நாற்பத்தொரு பேரிடம் பழைய வண்டி கிடையாது. வாரம் ஒருமுறை கூடி, நாங்கள் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன மொபெட்டுகளை நினைத்து ஏங்குவோம். கிக்கரை உதைக்காத கால்களும் சோக்கை இழுக்காத கைகளுமாக உட்கார்ந்து, "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுவோம். மீதமிருந்த அந்த ஒருவன் நான். வீட்டில் நிஜமாகவே ஒரு மொபெட் இருந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

மொபெட் அம்மாவுடையது. ஐம்பது சிசி, மிதிகட்டை வைத்தது, வெளிர் பச்சை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்த வருடம், இருபத்திரண்டு வயதில், தானே போய் வாங்கி வந்தது. எட்டு வருடம் ஓட்டியிருக்கிறாள். நான் வயிற்றில் இருந்தபோது டாக்டர் ஓட்டக் கூடாது என்றார். நான் வெளியே வந்த பிறகு ஓட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா அப்பாவின் ஸ்கூட்டரில் பின்சீட்டுக்கு மாறினாள். மொபெட் கார் ஷெட்டின் மூலைக்கு மாறியது. அதன் மேல் உடைந்த நாற்காலி, அப்பாவின் மருந்துக்கடைக்கு வந்த அட்டைப்பெட்டிகள், என் தொட்டில் என்று வரிசையாக ஏறின. இருபது வருடத்தில் அது வண்டி என்பதையே மறந்து அலமாரி ஆகியிருந்தது.

அப்போதுதான் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இவ்வளவு வயதான வண்டிகளையெல்லாம் மாதம் முடிவதற்குள் ஓடும் நிலையில் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிரேக்கும் புகையும் சோதிக்கப்படும். தேறாத வண்டி பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். நீக்கினால் நீக்கியதுதான்.

"நீக்கட்டும். வேணும்னா புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம்," என்றார் அப்பா.

"புதுசு யாரு பேர்ல?" என்று அம்மா கேட்டாள்.

வீடு தாத்தா பேரில் இருந்தது. கார், ஸ்கூட்டர், மின் இணைப்பு எல்லாம் அப்பா பேரில். பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டைகூட என் பேரில்தான். அம்மா பேரில் இருந்தது அந்த அலமாரி ஒன்றுதான்.

"எனக்கு இந்த வண்டி ஓடணும்," என்றாள் அம்மா. "கடைக்குப் போகணும்னா உங்களக் கேக்கணும், அண்ணன் வீட்டுக்குப் போகணும்னா இவனக் கேக்கணும். இவன் போன்லருந்து தலையத் தூக்குறதுக்குள்ள கடை சாத்திடறான்."

நான் போனிலிருந்து தலையைத் தூக்கி, "நான் ரெடி பண்றேன்மா," என்றேன். மன்றத்தின் மானம் என் கையில் இருந்தது.

மறுநாளே மாமா வந்துவிட்டார். அம்மாவின் அண்ணன், கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பில் எதைக் கேட்டாலும் கடைந்து கொடுப்பார், கேட்காததையும் கடைந்து கொடுப்பார். ஐம்பது வயது அம்மாவை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. மாத்திரையை மில்லிகிராமில் யோசிக்கிறவர் அவர். வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வேளைக்கு எத்தனை என்று எழுதாத குறையாகப் பெயர் ஒட்டி வைத்தார்.

எங்கள் வீட்டுக்கு ஒரு வேலைமுறை உண்டு. ஒருவர் செய்ததை இன்னொருவரிடம் சொல்வதில்லை. சொன்னால் ஆலோசனை வரும். ஆலோசனைக்குப் பதில் சொன்னால் சண்டை வரும். அதனால் அவரவர் ஒழிந்த நேரத்தில் ஷெட்டுக்குள் போய், அவரவர் நினைத்ததைச் செய்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். குடும்பம் ஒற்றுமையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த முறையிலேயே மூன்று வாரம் வேலை நடந்தது. மாமா மிதிகட்டையின் அச்சுக்குப் புதிய புஷ் வளையம் கடைந்தார். அப்பா கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் பாயும் ஜெட்டின் ஊசித் துளையில் மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் செய்தார். நான் ஹெட்லைட் வளையத்தை என் முகம் தெரியும்வரை தேய்த்தேன். தெரிந்த பிறகு கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அம்மா ஒரே ஒரு நாள் ஷெட்டுக்குள் வந்தாள். மாமாவும் அப்பாவும் தீப்பொறிக்கான பிளாட்டினம் பாயிண்டில் எவ்வளவு இடைவெளி விடுவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா கல்யாணப் பத்திரிகை ஒன்றின் ஓரத்தைக் கிழித்து இடுக்கில் வைத்துப் பார்த்து, திருகை இறுக்கிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதன் பிறகு தீப்பொறி நீலமாக வந்தது.

பெட்ரோல் டேங்க் துருப்பிடித்திருந்ததால் அதைத் தனியாக எடுத்து, உள்ளே நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, கழுவி, வெளியே பெயின்ட் அடித்துக் காயவைத்திருந்தோம். அதுவரை எஞ்சினுக்கு அப்பாவின் கடையிலிருந்து வந்த குளுக்கோஸ் பாட்டில்தான் டேங்க். ஆணியில் தொங்கவிட்டு, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் ஏற்றினோம். நோயாளி நன்றாகவே எழுந்தது. புகையில்லை, இருமலில்லை, தையல் மெஷின் மாதிரி சத்தம்.

கடைசி நாளைக்கு முந்தின நாள் டேங்கைப் பொருத்தி மூன்று லிட்டர் பெட்ரோல் நிரப்பினேன். கடைசி நாள் காலையில் மாமா தன் வேனைக் கொண்டுவந்தார். வழியில் ஒரு தூசி படக் கூடாது என்று மொபெட்டைப் போர்வை சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். ஓட்டிக் காட்ட வேண்டிய வண்டியை ஒரு மீட்டர்கூட ஓட்டாமல் கொண்டுபோன குடும்பம் அன்றைக்கு எங்களுடையது மட்டும்தான்.

ஆய்வு மைதானம் சுற்றுச்சுவர் வைத்த பெரிய சிமென்ட் தரை. ஓரமாக மஞ்சள் கோடு போட்ட ஓட்டப்பாதை, நடுவில் தகரக் கூரை, கூரையின் கீழ் புகைமானியும் ஆய்வாளரும். ஆய்வாளர் மெலிந்த மனிதர். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வண்டியின் நம்பரைத்தான் பார்த்துப் பேசினார்.

"ஒரு மணிக்குக் கதவு சாத்திடுவோம். அதுக்குள்ள எத்தன தடவ வேணா காட்டலாம். அதுக்கப்புறம் எங்கிட்ட எதுவும் பேசக் கூடாது."

எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டு. அம்மா ஸ்டாண்டு போட்டு ஏறி உட்கார்ந்து மிதித்தாள். ஆறாவது மிதிக்கு எஞ்சின் பிடித்தது. பிறகு மைதானம் காணாமல் போனது.

மிகையாகச் சொல்லவில்லை. முதலில் ஆய்வாளர் மறைந்தார், பிறகு கூரை மறைந்தது. ரசீது கொடுக்கிற அம்மாள் ஜன்னலைச் சாத்தும் ஓசை மட்டும் கேட்டது. எங்களுக்குப் பின்னால் பழைய மோட்டார் சைக்கிளோடு நின்ற வழுக்கைத்தலைக்காரர் வெண்புகைக்குள்ளிருந்து கேட்டார்.

"ஏம்ப்பா, இது வண்டியா, கொசுமருந்து அடிக்கிற மெஷினா?"

எஞ்சின் நான்கு முறை இருமிவிட்டு நின்றது. புகை விலகியதும் ஆய்வாளர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "புகைமானி முள்ளு கடைசிக்குப் போயி ஒட்டிக்கிச்சு," என்றார். "தள்ளி நிறுத்துங்க. அடுத்தது."

தள்ளி நிறுத்தினோம். அம்மா டேங்க் மூடியைத் திறந்து விரலை நனைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு எங்கள் மூவரையும் பார்த்தாள். இந்த மாதிரி மொபெட்டுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு முப்பது மில்லி, அவ்வளவுதான்; கூடினால் புகைதான்.

"எண்ணெய் யார் ஊத்தினது?"

"நான்தான்," என்றார் அப்பா, பாராட்டை எதிர்பார்க்கும் குரலில். "தொண்ணூறு மில்லி. சிரிஞ்சுல அளந்து ஊத்தினேன். ஒரு சொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

மாமா தொண்டையைச் செருமினார். "மாப்ள, நீங்க ஊத்துனது எனக்கு எப்படித் தெரியும்? எண்ணெயில்லாம ஓட்டுனா பிஸ்டன் சிக்கிக்குமேன்னு நானும் ஊத்துனேன்."

"எவ்வளவு?"

"கண் அளவுதான்."

"உங்க கண்ணு எவ்வளவு மச்சான்?"

"ஒரு தொண்ணூறு, நூறு இருக்கும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ரசிகர் மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் எனக்கு இந்த விகிதம் தலைகீழாகத் தெரியும். பெட்ரோல் நிரப்பிய கையோடு தொண்ணூறு மில்லி ஊற்றியிருந்தேன். "இந்த வீட்ல வேற யாருக்கும் ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன்," என்றேன்.

"மூணு பங்கு," என்றார் அப்பா. "மருந்தா இருந்தா ஆளு காலி."

"மூணு இல்ல, நாலு," என்றாள் அம்மா.

மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்; மூன்றுதான் வந்தது.

"காலைல நானும் லிட்டருக்கு ஒரு மூடின்னு மூணு மூடி ஊத்தினேன். எட்டு வருஷம் ஊத்தின கை. டேங்க் மூடியத் திறந்தா அதுவா ஊத்துது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். இதுவரை அவள் செய்த தவறு எதையும் அவர் நேரில் பார்த்ததில்லை. அவர் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வந்து, நேரம் சரியில்லை என்று உணர்ந்து திரும்பிப் போனது. மணி பன்னிரண்டு பத்து.

"விடு பாப்பா," என்றார் மாமா. "இத எல்லாத்தையும் கீழ ஊத்திட்டு, டேங்க கழுவி, புது பெட்ரோல் வாங்கி, எண்ணெய் வாங்கி... ஒரு மணிக்குள்ள நடக்காது. பேரு போனாப் போகுது, வண்டி நம்மகிட்டதான இருக்கும். வீட்ல அழகா நிறுத்தி வச்சுக்கலாம்."

"இருபது வருஷமா அழகாத்தான் நின்னுச்சு," என்றாள் அம்மா. புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள். "யாரும் எதையும் தொடாதீங்க. சொல்றத மட்டும் செய்ங்க."

எண்ணெய் எதற்கு வாங்க வேண்டும், நான்கு பேர் ஊற்றியது டேங்கிலேயே இருக்கிறதே என்று அவள் கணக்குப் போட்டாள். இருப்பதில் கால் லிட்டர், வெறும் பெட்ரோல் முக்கால் லிட்டர். நான்கு பங்கு எண்ணெய் ஒரு பங்காகிவிடும். இதைக் கேட்டதும் அப்பாவின் முகம் பிரகாசித்தது. முப்பது வருடம் மருந்தில் தண்ணீர் கலந்து நேர்த்தியாகக் கரைசல் செய்தவர். தனக்கு ஏன் தோன்றவில்லை என்றுகூட வருத்தப்படவில்லை.

"மச்சானோட கண்ணுக்காக இன்னும் ஒரு ஐம்பது மில்லி பெட்ரோல் சேத்து ஊத்து," என்றார்.

"நல்ல பெட்ரோலுக்கு எங்க போறது?" என்றேன்.

வழுக்கைத்தலைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். தன் பக்கப்பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்து நீட்டினார். "என் வண்டியில பெட்ரோல் முள்ளு வேல செய்யாதும்மா. அதனால எப்பவும் ரெண்டு லிட்டர் கையில இருக்கும். எண்ணெய் கலக்காதது. எடுத்துக்கங்க. நீங்க தேறலேன்னா இன்னொரு தடவ அந்தப் புகைய நான் தாங்க மாட்டேன்."

அப்பா அளந்தார். மாமா கலக்கினார். நான் மீதிப் பழைய பெட்ரோலை மாமாவின் வேனில் கிடந்த ஒரு பெரிய கேனில் இறக்கினேன். அம்மா பிளக்கைக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, காயவைத்தாள். பிளக் இல்லாமலே ஏறி உட்கார்ந்து இருபது மிதி மிதித்தாள். எஞ்சினுக்குள் தேங்கியிருந்த எண்ணெய் துளை வழியாகப் பிசுக்குப் பிசுக்கென்று வெளியே வந்து மாமாவின் சட்டையில் விழுந்தது. அவர் நகரவில்லை. பிளக்கை மாட்டினாள். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

இன்னும் சைலன்சர் முழுக்க எண்ணெய் இருந்தது. சூடேறி எரிந்தால்தான் போகும். நின்ற இடத்தில் சூடேறாது, ஓட வேண்டும். சோதனையில் தேறாத வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோக முடியாது. அம்மா ஆய்வாளரிடம் போனாள்.

"இந்தப் பாதையில கொஞ்சம் சுத்திக்கிறேன் சார்."

"ஓட்டத் தெரியுமா?"

"வண்டி என்னோடது."

ஆய்வாளர் முதல் முறையாக நம்பரை விட்டு முகத்தைப் பார்த்தார். "கோட்டத் தாண்டாம சுத்துங்க."

இருபது வருடம் ஓட்டாதவள் என்று மூவருக்கும் தெரியும். அப்பா ஓட்டப்பாதையின் ஓரமாகக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார், பந்து பிடிப்பவர் போல. அம்மா நான்கு மிதி மிதித்தாள். வண்டி ஒரு முறை தடுமாறியது, பிறகு நிமிர்ந்தது. முதல் சுற்றில் பின்னால் வெள்ளைப் போர்வை ஒன்றை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாவதில் போர்வை துண்டானது. மூன்றாவதில் அப்பா கைகளை இறக்கினார். வளைவில் அம்மா முழங்காலைக் கொஞ்சம் வெளியே விட்டு, தலையை உள்பக்கம் சாய்த்துத் திரும்பினாள். அப்படி ஒரு பழக்கம் அவளுக்கு இருப்பது எனக்குத் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்து வருபவளுக்கு வளைவில் செய்ய எதுவுமில்லை.

மன்றத்தில் நாங்கள் ஏங்கியதெல்லாம் என்னவென்று அப்போது யோசித்தேன். படங்களைப் பார்த்து ஏங்கியிருக்கிறோம். இவள் அந்த வளைவை இருபது வருடம் முழங்காலிலேயே வைத்திருந்திருக்கிறாள், யாரிடமும் பெருமூச்சு விடாமல்.

ஏழாவது சுற்றில் புகை நூலாகியது. ஒன்பதாவதில் அதுவும் இல்லை. ஆய்வாளர் கையைக் காட்டினார். அம்மா பார்த்தாள், ஆனாலும் ஒரு சுற்று போய்விட்டுத்தான் வந்தாள்.

புகைமானியின் குழாயைச் சைலன்சரில் செருகினார்கள். முள் கிளம்பியது, சிவப்புக் கோட்டின் கிட்டே போனது, யோசித்தது, ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. பிரேக் சரியாகப் பிடித்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

"உரிமையாளர் கையெழுத்து," என்று ஆய்வாளர் பதிவேட்டை நீட்டினார். பழக்கதோஷத்தில் அப்பா பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். பிறகு அப்படியே பேனாவைத் திருப்பி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா நிதானமாக, முழுப்பெயரையும் எழுதினாள். ஆய்வாளர் முத்திரை குத்தினார். இன்னும் ஐந்து வருடம்.

மாமா வேனின் பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்து வைத்தார். போர்வையை உதறிக்கொண்டு, "ஏத்திடலாமா பாப்பா?" என்றார்.

"எத ஏத்துறது? ஓடுற வண்டிண்ணே," என்றாள் அம்மா.

மிதித்தாள். மைதானத்தின் வாசல்வரை போய் நின்று, இரண்டு பக்கமும் பார்த்தாள். வீட்டுக்குப் போக வலதுபக்கம் திரும்ப வேண்டும். அம்மா கையை நீட்டி இடதுபக்கம் காட்டிவிட்டுத் திரும்பினாள். வெளிர் பச்சை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு ஒரு லாரி மறைத்தது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார் அப்பா.

"தெரியல மாப்ள."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவாளா?"

"பசிச்சா வருவா," என்றார் மாமா.

அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேனில் ஏறி, வீட்டில் அரிசி எங்கே இருக்கும் என்று என்னைக் கேட்டார்.